பராங் லா மலைநடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் கிப்பர் என்றொரு ஊர். அங்கே கிளம்பி, பராங் லா என்ற கணவாயைத் தாண்டி, லடாக்கில் சோ மொரிரி ஏரிக்கரையில் இருக்கும் கர்சோக் வரை போகும் நடை இது. நான் இரண்டு முறை போய்வந்தேன். அன்றிலிருந்து அலுவலக நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், கோயம்புத்தூர் ஓட்டக்குழுக்காரர்கள் என்று யாராவது போன் செய்தபடியே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அப்படி எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்? எத்தனை நாள் நடக்கணும்?

தூரம் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். நடை ஏழு அல்லது எட்டு நாள். கிப்பர் சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பராங் லா ஏறத்தாழ 5,580 மீட்டர். ஏரி 4,520 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். தொட்டபெட்டா மேல் இன்னொரு தொட்டபெட்டாவை வைத்தாலும் கணவாய் அதற்கும் மேலே நிற்கும். (அந்தப் பக்கத்து மொழியில் 'லா' என்றாலே கணவாய், 'சோ' என்றால் ஏரி.)

கிப்பரை விட்டால் கர்சோக் வரை கடை கிடையாது, வீடு கிடையாது, போன் சிக்னல் கிடையாது. வழியில் ஆடு மேய்க்கும் சாங்பா மக்களின் கூடாரங்களைப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். ஸ்பிதிக்காரர்கள் வியாபாரத்துக்காகக் காலங்காலமாக நடந்த பாதை இது. பாதை என்று சொன்னாலும், பல இடங்களில் ஆற்றுப்படுகைக் கற்கள்தான் பாதை.

எந்த மாசம் போகலாம்?

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை. அதற்கு முன்னால் கணவாயில் பனி அதிகம், குதிரைகள் ஏறாது. அதற்குப் பின்னால் குளிர் சட்டென்று கூடிவிடும்.

"ஆகஸ்டில் மழைக்காலமாச்சே?" என்பார்கள். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி, நம் கம்பம் பள்ளத்தாக்கு போல என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பல மடங்கு வறட்சி. மேலே மழைத் தொல்லை குறைவு. தொல்லை அங்கே போய்ச் சேரும் சாலையில்தான். சிம்லாவிலிருந்து வரும் கின்னௌர் மாவட்டச் சாலையில் மண்சரிவு வந்தால் ஒருநாள் முழுக்க வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். அதற்கான நாளைக் கணக்கில் வையுங்கள்.

லீவு எத்தனை நாள் போடணும்? பத்து நாள்ல முடிச்சிடலாமா?

முடியாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்ப 18 முதல் 20 நாள் வேண்டும். நடக்கும் எட்டு நாளைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். நடப்பதற்கு முன்னால் சும்மா இருக்கும் நாட்களை யாரும் எண்ணுவதில்லை. இந்தப் பயணம் நல்லபடியாக முடியுமா என்பதை அந்தச் சும்மா இருக்கும் நாட்கள்தான் முடிவுசெய்கின்றன.

என் கணக்கு இது. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக மெதுவாக ஏறுங்கள். நார்கண்டாவில் ஒரு இரவு, கல்பாவில் ஒரு இரவு, தாபோவில் ஒரு இரவு. தாபோ 3,280 மீட்டர். அடுத்து சுமார் 3,650 மீட்டரில் இருக்கும், ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவில் இரண்டு இரவு. பிறகு கிப்பரில் குறைந்தது இரண்டு இரவு; மூன்று என்றால் இன்னும் நிம்மதி. பகலில் கிப்பருக்கு மேலே ஏறிப் பார்த்துவிட்டு, தூங்குவதற்குக் கீழே வந்துவிடுங்கள். எட்டு நாள் நடைக்குப் பிறகு ஒருநாள் உபரி. கடைசியில் கர்சோக்கிலிருந்து லே நகரம் போக ஒருநாள், லேயில் ஒருநாள்.

மணாலி வழியா போனா ஒரே நாள்ல காஸா போயிடலாம்னு சொல்றாங்களே?

உண்மைதான். 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்த பிறகு அந்த வழி இன்னும் சுலபமாகிவிட்டது. ஆனால் மணாலி 2,050 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. காலையில் அங்கே இட்லிக்கடை தேடியவர் மதியம் 4,550 மீட்டர் குன்சும் லாவைத் தாண்டி, இரவு 3,650 மீட்டரில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. மணாலி வழி அந்த விதியை முதல் நாளே உடைத்துவிடுகிறது. கட்டாயம் அந்த வழிதான் என்றால் காஸாவில் கூடுதலாக இரண்டு நாள் தங்குங்கள்.

நான் மாரத்தான் ஓடுறவன், வெள்ளியங்கிரி அசால்ட்டா ஏறுவேன். எனக்குமா இந்த ஓய்வெல்லாம்?

உங்களுக்கும்தான். உடல் வலு வேறு, உயரத்துக்குப் பழகுவது வேறு. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. அதற்கு உடம்பு தன்னைத்தானே மாற்றிக்கொள்ள நாட்கள் ஆகும். நன்றாக ஓடுபவருக்கு அந்த நாட்கள் குறைவதில்லை. சொல்லப்போனால் வலுவானவர்கள்தான் வேகமாக ஏறி முதலில் படுக்கிறார்கள். ஊட்டியில் ஒரு வாரம் தங்கிப் பழகிவிட்டுப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். 2,240 மீட்டர் இதற்குப் போதாது.

பயிற்சியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. வெள்ளியங்கிரி, பருவதமலை எல்லாம் நல்ல பயிற்சி, அதிலும் இறங்கும்போது முழங்காலுக்கு. வாரத்தில் மூன்று நாள், பத்துக் கிலோ பையோடு அடுக்குமாடிப் படிக்கட்டு ஏறி இறங்குங்கள். நான்கு மாதம் போதும். எந்தக் காலணியோடு போகப் போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

தலைவலி வந்தா என்ன பண்ணணும்? எது சாதாரணம், எது ஆபத்து?

முதல் சில நாள் லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கலைவது பலருக்கும் வரும். தலைவலியோடு குமட்டலோ, தலைசுற்றலோ, அசதியோ சேர்ந்தால் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே போகக் கூடாது. அதே இடத்தில் தங்கிச் சரியானால் அடுத்த நாள் நடக்கலாம். கூடினால் இறங்க வேண்டும்.

இரண்டு விஷயம் உயிருக்கு ஆபத்து. ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், விடாத இருமல், முற்றினால் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி. இன்னொன்று மூளை வீங்குவது: நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆள் யாரோடும் சேராமல் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். இவற்றில் எது தெரிந்தாலும் ராத்திரியானாலும் இறக்கத் தொடங்க வேண்டும். இறங்குவதுதான் வைத்தியம், மாத்திரையும் ஆக்சிஜனும் இறங்குவதற்கு உதவி மட்டுமே.

டயமாக்ஸ் போட்டுக்கிட்டா போதும்ல?

டயமாக்ஸ் என்பது அசிட்டசோலமைடு. சிறுநீரகம் வழியாக உடம்பின் காரத்தை வெளியேற்றி, மூச்சை ஆழமாக விட வைக்கிறது. பழகும் வேலையை அது கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவுதான். முன்தடுப்புக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருப்பவர்கள், வேறு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம். ஊரிலேயே ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

நோய் வந்த பிறகு கொடுக்கும் மருந்துகள் வேறு: மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன், நுரையீரல் நீருக்கு நிஃபெடிபின். எப்போது, எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள். 5,000 மீட்டரில் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது.

சின்ன ஆக்சிஜன் கேன் வாங்கிட்டுப் போகலாமா? விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்?

கடையில் விற்கும் சின்ன கேன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதை நம்பி மேலே தங்குவதுதான் ஆபத்து. உண்மையான சிலிண்டர் வேண்டும். அழைத்துப்போகும் குழுவிடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆக்சிமீட்டர் வைத்திருங்கள், ஆனால் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குளிர்ந்த விரலில் தப்பாகக் காட்டும். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் அது. மற்றவரோடு ஒப்பிட்டு, "உனக்கு 78, எனக்கு 84" என்று போட்டி போடுவதற்கு இல்லை.

பர்மிட் ஏதாவது வாங்கணுமா?

இந்தியக் குடிமக்களுக்கு லடாக் பகுதிகளில் இருந்த உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பர்மிட்) 2021-இல் நீக்கப்பட்டது. கட்டணமும் ரசீதும் வேறு விஷயம், அவை மாறிக்கொண்டே இருக்கும். கிப்பருக்கு மேலே இருப்பது வனவிலங்கு சரணாலயம். ஆகவே காஸாவில் வனத்துறை அலுவலகத்திலும் கூடுதல் துணை ஆணையர் அலுவலகத்திலும் அந்த ஆண்டு என்ன நடைமுறை என்று கேட்டு, ரசீதும் ஆதார் நகல் நான்கைந்தும் கையில் வையுங்கள். கணவாய்க்கு அப்பால், ஆற்றைக் கடக்கும் நோர்பு சும்தோ பக்கம் பாதை எல்லைக்கு அருகில் வருவதால் படையினர் கேட்கலாம்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனி அனுமதி கட்டாயம். உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: செயற்கைக்கோள் போன், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி, இவற்றைத் தொலைத்தொடர்புத் துறை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு.

அப்போ அவசரம்னா யாருக்கு எப்படித் தகவல் சொல்றது?

சொல்ல முடியாது என்று எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். ஒருவர் நடந்தோ குதிரையிலோ போய்ச் சொல்ல வேண்டும். அதனால்தான் குழுவில் உள்ளூர்க்காரர் இருவராவது வேண்டும் என்கிறேன்: ஒருவர் போனால் ஒருவர் நம்மோடு. வீட்டில் ஒருவரிடம் நாள்வாரியான தாளைக் கொடுத்து, "இந்தத் தேதிக்குள் போன் வராவிட்டால் இந்த எண்ணைக் கூப்பிடு" என்று எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதி உங்கள் உபரி நாளுக்கும் அடுத்த நாளாக இருக்கட்டும். இல்லையென்றால் வீட்டில் வீணாகக் கலங்கிப்போவார்கள்.

லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். கர்சோக்கில் இறங்கி "நல்லா இருக்கேம்மா" என்று சொல்வதற்காகவாவது குழுவில் ஒருவர் மாற்றிக்கொள்ளுங்கள்.

குதிரைக்காரர்கள் ஏன் எட்டு நாளுக்கு மேல காசு கேட்கிறாங்க?

குதிரை கர்சோக்கில் நின்றுவிடுவதில்லை. அது கிப்பருக்கு அதே வழியில் திரும்பி நடக்க வேண்டும், அவரும் கூட நடக்க வேண்டும். அந்தத் திரும்பும் நாட்களுக்கும் கூலி கொடுப்பதுதான் முறை. பேரம் பேசும்போது அது சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். கடைசி நாள் ஏரிக்கரையில் வைத்து வாக்குவாதம் செய்வது நன்றாக இருக்காது. அவர்களுக்கும் நல்ல கூடாரம், போர்வை, கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாளே "ஜூலே" என்று வணக்கம் சொல்லி அவர்கள் அடுப்பருகே உட்காருங்கள். பாதையைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? நம்ம சாப்பாடு கிடைக்குமா?

4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. குக்கர் கட்டாயம், அதன் உபரி கேஸ்கெட்டும் கட்டாயம்.

மேலே போகப் போகப் பசி செத்துவிடும். எனக்கு நான்காம் நாளிலிருந்து ரொட்டியைப் பார்த்தாலே வெறுப்பாக இருந்தது. உள்ளே இறங்கியது ரசமும் புளிக்காய்ச்சல் பிசைந்த சோறும்தான். எனவே புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ரசப்பொடி, சுட்ட அப்பளம், கடலைமிட்டாய், எலுமிச்சை ஊறுகாய் எடுத்துப்போங்கள். பூண்டு சூப் குடித்தால் உயர நோய் வராது என்று எல்லோரும் சொல்வார்கள். சூடாக இருக்கிறது, குடியுங்கள். ஆனால் அதை மருந்தாக நம்ப வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது, தூக்கத்தில் மூச்சைக் குறைத்துவிடும்.

பையில் கட்டாயம் இருக்க வேண்டியது, எல்லாரும் மறக்கிறது எது?

பட்டியல்கள் எங்கும் கிடைக்கும், மறப்பதை மட்டும் சொல்கிறேன். பனிக்கு ஏற்ற கறுப்புக் கண்ணாடி, ஆளுக்கு ஒன்று, குழுவுக்கு உபரியாக ஒன்று. கணவாய்ப் பனியில் கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் நடந்தால் அன்றிரவு கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல எரியும். ஆற்றைக் கடக்க, காலை இறுக்கிப் பிடிக்கும் செருப்பு. மைனஸ் பத்து டிகிரிக்குக் குறையாத தூக்கப்பை.

தண்ணீர் வடிகட்டியை ராத்திரி தூக்கப்பைக்குள் வைத்துத் தூங்குங்கள். குழாய் வகை வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. பேட்டரியும் பக்கத்திலேயே படுக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் அதையும் உறைய விடக் கூடாது.

பெண்களுக்கு வேறு ஏதாவது யோசிக்கணுமா?

உயரம் ஆண் பெண் பார்ப்பதில்லை. மாதவிலக்குத் தேதி பயணத்தில் முன்பின்னாக மாறலாம், அதற்குத் தயாராகப் போங்கள். நாப்கினைப் புதைக்காதீர்கள், அந்தக் குளிரில் மக்காது. கெட்டியான பையில் போட்டு லே வரை கொண்டுவாருங்கள். மரமோ புதரோ இல்லாத நிலம், மறைவு என்பது பாறைதான். கழிப்பறைக் கூடாரம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நீளமான குர்தாவும் கைகொடுக்கும் என்று எங்களோடு வந்த அக்கா சொன்னார். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் நான் பார்த்த பெரிய தவறு.

ஆறு கடக்கிறதுதான் பயமா இருக்கு. எவ்வளவு ஆழம்?

பயம் நியாயம்தான். கணவாயைவிட ஆற்றுக்குத்தான் நானும் பயப்படுகிறேன். பராங் லாவின் வடபக்கப் பனியாற்றில் பிறக்கிறது பாரே சூ. அதன் கூடவே நாட்கணக்கில் நடந்து, நோர்பு சும்தோ அருகே அதைக் கடக்க வேண்டும். அங்கிருந்து அது திபெத்துக்குள் நுழைந்து, சுற்றி, மறுபடி இந்தியாவுக்கு வந்து ஸ்பிதி ஆற்றில் சேர்கிறது. 2004-இல் திபெத்துக்குள் மலை சரிந்து இந்த ஆற்றை அடைத்தது. 2005 ஜூனில் அந்த அடைப்பு உடைந்து கின்னௌர் வரை வெள்ளம் போனது. கின்னௌர் வழியாக வந்தால் இதே ஆற்றின் மறுமுனையை ஏற்கெனவே தாண்டித்தான் வந்திருப்பீர்கள்.

வெயில் ஏற ஏறப் பனி உருகி ஆறு ஏறும். மாலை நான்கு மணிக்கு இடுப்பளவு ஓடும் இடம் காலை ஆறு மணிக்கு முழங்காலளவு இருக்கும். ஆகவே காலையில் கடப்பது. மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தால் இந்தக் கரையிலேயே கூடாரம் போட்டுவிடுங்கள். மேலே சொன்ன உபரி நாள் இதற்கும்தான். முதல் முறை எங்கள் குதிரைக்காரர் கரையில் நின்று ஒவ்வோர் இடமாகக் கல் எறிந்துகொண்டே போனார். 'டுப்' என்று விழுந்தால் ஆழம், வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். 'சளப்' என்று சத்தம் வந்த இடத்தில் நின்று, கால்சட்டையை மடித்தார். ஓரமெல்லாம் கண்ணாடிச் சில் போலப் பனிக்கட்டி. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, வரும் தண்ணீரைப் பார்த்து முகம் வைத்து, தோளோடு தோள் கோத்து, பக்கவாட்டில் நகர்ந்தோம். காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தேய்த்துத் தேய்த்து வைக்க வேண்டும்.

லேக்கு பறந்து போய் கர்சோக்ல இருந்து ஆரம்பிச்சா என்ன? அந்தப் பக்கம் ஏற்றம் கம்மியாமே?

ஏற்றம் மெதுவானதுதான். ஆனால் முதல் இரவே 4,500 மீட்டருக்கு மேல். அடுத்த பல நாள், உடம்பு முடியவில்லை என்றாலும் இறங்கிப் போகத் தாழ்வான இடமே கிடையாது. நிலம் முழுக்க உயர்ந்த சமவெளி. கிப்பர் பக்கம் என்றால் முதல் இரண்டு மூன்று நாளும் முதுகுக்குப் பின்னால் ஊரும் சாலையும் இருக்கின்றன. முதல் முறை போகிறவர்கள் கிப்பரிலிருந்துதான் போக வேண்டும். கணவாய்க்கு முந்தைய இரவு தங்கும் போரோகன் முகாம்வரை தினமும் திரும்பிவர வழி உண்டு.

கணவாயைத் தாண்டின பிறகு ஒருத்தருக்கு முடியாமப் போனா?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் அவர் உண்மையிலேயே திட்டம் போடுகிறார். பதில் கசப்பானது. தாண்டியபின் திரும்ப வேண்டுமானால் மறுபடி 5,580 மீட்டர் ஏற வேண்டும். முன்னால் போனால் ஓரிரு நாளில் 4,900, 4,700 என்றுதான் குறையும். சாலை கர்சோக்கில். குதிரையில் உட்காரவைத்து இரண்டு நாள் நடையை ஒரே நாளில் தள்ளிப் போவது ஒன்றுதான் வழி. ஆகவே தாண்டலாமா என்ற முடிவை முந்தைய இரவு போரோகன் முகாமில் எடுத்துவிட வேண்டும். அது 5,000 மீட்டருக்கு மேலே, கணவாயின் காலடி.

இரண்டாம் முறை அங்கே எங்கள் நண்பர் ஒருவர் மாலையிலிருந்து பேசவில்லை. "தலைவலி மட்டும்தான்டா, காலையில சரியாயிடும்" என்றார். கூடாரக் கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டு, குதிகாலை நுனிக்கால் தொடும்படி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னோம். மூன்றாவது அடியில் இடது பக்கம் சாய்ந்து, கையை ஊன்றினார். எழுந்து, "இருட்டுல தெரியலை" என்று மறுபடி முயன்றார். மறுபடி அதே பக்கம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, ஒரு குதிரைக்காரரையும் இன்னொரு நண்பரையும் கூட அனுப்பி, அந்த இரவே இறக்கினோம். மறுநாள் மாலை கிப்பரில் உட்கார்ந்து சூப் குடித்ததாக, நாங்கள் கர்சோக் போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொன்னார்.

அன்றிரவு குழுவைப் பிரிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், எல்லாவற்றையும் இரண்டாக எடுத்துப்போனதுதான். இரண்டு அடுப்பு, இரண்டு மருந்துப்பெட்டி, இரண்டு வரைபடம், பிரித்துப் படுக்கும்படியான கூடாரங்கள், அடுப்பெரிக்கத் தெரிந்தவர் இருவர். உங்கள் குழு நான்கு பேருக்கும் குறைவு என்றால் இப்படிப் பிரிய முடியாது. ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். அதைக் கிளம்புவதற்கு முன்னால், காஸாவிலேயே உட்கார்ந்து, ஒவ்வொருவர் வாயாலும் சரி என்று சொல்ல வையுங்கள்.